படம் கழுவும் தண்ணீர்

தமிழில் ஃபிலிமை யாரும் 'டெவலப்' செய்வதில்லை, கழுவத்தான் கொடுக்கிறோம். கலைச்சொல் ஆக்குபவர்கள் உருத்துலக்கல் என்றும் துலக்கி என்றும் நல்ல சொற்களை ஆக்கித் தந்திருந்தாலும், ஸ்டூடியோ வாசலில் ரசீதுடன் நின்றவர்கள் எல்லாரும் 'படம் கழுவியாச்சா?' என்றுதான் கேட்டிருக்கிறார்கள். வேலையின் கடைசிக் கட்டமாகிய தண்ணீர்க் கழுவலின் பெயரே வேலை முழுமைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அதற்கு முந்திய கட்டங்களில் எந்தப் பொடி எந்த நீரில் கரைகிறது, அந்தப் பொடி எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றியெல்லாம் வாடிக்கையாளருக்குக் கவலை இருந்ததில்லை. ஸ்டூடியோக்காரர் பார்த்துக்கொண்டார்.

இன்று பார்த்துக்கொள்வதற்கு அவர் இல்லை. ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்களுள் ஒருவருடைய வீட்டின் பின்கட்டில் பயன்படாமல் கிடந்த குளியலறை ஒன்றை நாங்கள் ஐவர் சேர்ந்து இருட்டறையாக மாற்றிச் சில ஆண்டுகள் ஆகின்றன. எங்களில் எவரும் தொழில்முறைப் புகைப்படக்காரர் அல்லர். கதை, கவிதை, பழம்பதிப்பு என்று அலைகிறவர்கள். எழுத்தாளர்களையும் பழைய அச்சகங்களையும் வாசகசாலைகளையும் கறுப்பு வெள்ளையில் எடுத்துவைப்போம் என்று தொடங்கிய காரியம், பாதிக்குமேல் இரசாயனங்களைத் தேடி அலையும் காரியமாக மாறிவிட்டது. இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கப்படலாம். இருக்கிறது என்பது எங்கள் எண்ணம். ஒரு பொட்டலத்தின் மேல் எழுதப்படும் சொல்லைப் பற்றியதே இந்தக் கட்டுரை. சொல்லைப் பற்றிய அக்கறை உள்ளவர்களிடம் அதைப் பேசாமல் வேறு யாரிடம் பேசுவது?

இந்தப் பகுதிக்கு ஃபிலிமும் இரசாயன வாசனையும் புதியவை அல்ல. இன்று எம்.ஜி.ஆர். ஜானகி மகளிர் கல்லூரி இருக்கும் இடத்தில் முன்பு சத்யா ஸ்டூடியோ இருந்தது. அதற்கு முன் நெப்டியூன். அதற்கும் முன் மீனாட்சி சினிடோன். தியாகராஜ பாகவதரின் முதல் படமான 'பவளக்கொடி'யை (1934) இயக்குநர் கே. சுப்ரமண்யம் அங்கேதான் சூரிய வெளிச்சத்தை நம்பி எடுத்தார். அதற்கும் முக்கால் நூற்றாண்டு முன்னால், 1857-58இல், லின்னேயஸ் டிரைப் என்ற இராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக மதுரையையும் தஞ்சையையும் மெழுகிட்ட காகித நெகட்டிவ்களில் பதிவுசெய்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை இருபத்தொரு படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ பத்தொன்பது அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். இந்த வெயிலில், இந்தப் புழுக்கத்தில், அவர் தம் கரைசல்களை எப்படிக் காப்பாற்றினார் என்று நாங்கள் பலமுறை வியந்திருக்கிறோம். மே மாதத்தில் எங்கள் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் 35 பாகைக்கு மேல் போகிறது. புத்தகங்கள் எல்லாம் 20 பாகையில் படத்தைக் கழுவச் சொல்கின்றன.

விஷயத்துக்கு வருவோம். எங்களுக்கு நேர்ந்த ஓர் இழப்பைச் சொன்னால்தான் மற்றவை விளங்கும்.

மயிலாப்பூர்ச் சந்து ஒன்றில் ஒரு சிறிய லெட்டர்பிரஸ் இருந்தது. கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் அடித்துப் பிழைத்த அச்சகம்தான். ஆனாலும் ஒரு காலத்தில் சிற்றிதழ் ஒன்றின் சில இதழ்கள் அங்கே கோக்கப்பட்டு அச்சாகியிருந்தன. மூடப்போவதாகச் செய்தி கிடைத்து நாங்கள் போனபோது மறுநாள் காலையில் ஈய எழுத்துகளை எடைக்குப் போடுவதாக முடிவாகியிருந்தது. உரிமையாளரும், அவரோடு நாற்பது ஆண்டுகள் இருந்த கம்பாசிட்டரும் எழுத்துப் பெட்டிகளுக்கு முன்னால் நின்றார்கள். ஸ்டிக்கில் எழுத்தைக் கோத்துக் காட்டும்படி நாங்கள் கேட்டபோது, கம்பாசிட்டர் சிரித்துக்கொண்டே தம்முடைய பெயரைத்தான் கோத்தார். இத்தனை ஆண்டுகளில் தம் பெயரைக் கோத்தது அதுவே முதல்முறை என்றார். இரண்டு சுருள்கள் எடுத்தோம்.

ஆயத்தமாகக் கிடைக்கும் டி-76 பொட்டலம் அந்த வாரம் எங்கும் கிடைக்கவில்லை. ஆகவே உதிரிச் சரக்குகளை வாங்கி நாங்களே கலந்தோம். டி-76 என்பது கோடாக் நிறுவனம் 1920களில் வெளியிட்ட சூத்திரம். அதில் இரகசியம் ஒன்றுமில்லை. மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெங்காரம் 2 கிராம், எல்லாம் கரைந்தபின் மொத்தம் ஒரு லிட்டர். நாங்கள் நான்கையும் எடைபோட்டோம், கரைத்தோம், இரண்டு சுருள்களையும் ஒரே தொட்டியில் போட்டோம். வெளியே வந்தது பழுப்புக் கறை படிந்த ஃபிலிம். வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்துப் பெட்டிகள் இருந்த இடத்தில் மங்கிய கோடுகள் தெரிந்தன. கம்பாசிட்டரின் முகம் இருந்த இடத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பொட்டலத்தில் இருந்தது சல்ஃபைட் அன்று, சல்ஃபேட். மெலிந்த பிளாஸ்டிக் பையில், பால்பாயிண்ட் பேனாவால் எழுதி, வியர்வையில் கலங்கிப்போன சீட்டு. சல்ஃபைட்டுக்கும் சல்ஃபேட்டுக்கும் தமிழில் ஓரெழுத்துதான் வேறுபாடு. எங்களுள் ஒருவர் முப்பதாண்டுகள் மெய்ப்புத் திருத்தியவர். அன்று பொட்டலத்தைப் பிரித்தவர் அவர்தான்.

இந்த ஓரெழுத்தின் விளைவு என்ன என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். மெட்டாலும் ஹைட்ரோகுவினோனும் ஒளிபட்ட வெள்ளி உப்பை உலோக வெள்ளியாக மாற்றுபவை. படத்தை உண்டாக்குபவை அவை இரண்டும்தாம். ஆனால் அவை காற்றுக்கு அஞ்சுபவை. காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டால் விரைவில் பழுப்பாகி வலுவிழந்துவிடும். சல்ஃபைட் அந்தச் சேதத்தைத் தடுக்கிறது. கரைசலுக்கு வேண்டிய காரத்தன்மையில் ஒரு பங்கைத் தருகிறது. 100 கிராம் அளவுக்கு இருக்கும்போது வெள்ளித் துகள்களின் ஓரத்தைக் கொஞ்சம் கரைத்துப் படத்தை மென்மையாக்கவும் செய்கிறது. சல்ஃபேட் இவற்றுள் ஒன்றையும் செய்யாது. வேடிக்கை என்னவென்றால், சல்ஃபைட் காற்றையும் ஈரத்தையும் நாட்கணக்கில் உட்கொண்டால் தானே சல்ஃபேட்டாகிவிடும். ஆகவே கடைக்காரர் சரியாகவே எழுதிக் கொடுத்திருந்தாலும், வாய் திறந்த சாக்கில் ஓராண்டு கிடந்த சரக்கு பெயர் மாறாமல் பொருள் மாறிப்போயிருக்க முடியும். சென்னையின் காற்று அதற்கு ஏற்றது.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை என்பதைப் பிற்பாடுதான் கற்றோம். ஒரு சிட்டிகைப் பொடியைத் தண்ணீரில் கரைத்து, காயத்துக்குப் போடும் டிங்க்சர் அயோடினில் ஒரு சொட்டு விட்டால், சல்ஃபைட்டாக இருப்பின் அந்தச் செம்பழுப்பு நிறம் கண்ணெதிரே மறைந்துபோகும். சல்ஃபேட்டாக இருப்பின் நிறம் அப்படியே நிற்கும். அல்லது பொடியின்மேல் கொஞ்சம் வினிகரை விட்டு, சற்றுத் தள்ளியே வைத்து முகர்ந்தால் போதும். தீக்குச்சி கிழித்தாற்போன்ற கந்தக நெடி சல்ஃபைட்டில் மட்டுமே எழும். அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்தை அன்று நாங்கள் செலவிடவில்லை. கடையின்மேல் பழி போடுவதற்கு முன் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

*

சரக்கு எங்கே கிடைக்கிறது? பூங்கா நகரத்தில் நைனியப்ப நாயக்கன் தெருவிலும் கோவிந்தப்ப நாயக்கன் தெருவிலும் இரசாயன வணிகர்கள் இருக்கிறார்கள். அங்கே எங்களைப் போன்றவர்கள் தொந்தரவு. ஐம்பது கிலோச் சாக்கில் விற்கும் பொருளை இருநூற்றைம்பது கிராம் கேட்டுக்கொண்டு நிற்கிறவர்கள். சோடியம் சல்ஃபைட்டை அவர்கள் வாங்கி வைத்திருப்பது எங்களுக்காக அல்ல. ஆலைகளின் கொதிகலன் நீரிலிருந்து ஆக்சிஜனை நீக்குவதற்காக. ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்ஃபேட் இன்று பெரும்பாலும் மீன் வளர்ப்பவர்களின் பொருள். குழாய்த் தண்ணீரின் குளோரினை அது முறித்துவிடும். கொளத்தூரின் அலங்கார மீன் கடைகளில் கற்கண்டு போன்ற படிகங்களாகக் கிடைக்கும். 1819இல் ஜான் ஹெர்ஷல் இதற்கு வெள்ளி உப்பைக் கரைக்கும் தன்மை உண்டென்று கண்டார். இருபதாண்டுகள் கழித்துப் புகைப்படம் பிறந்தபோது படத்தை நிலைநிறுத்த அதுவே பயன்பட்டது. இப்போது தங்கமீன் தொட்டிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எங்களுக்கு அதில் வருத்தமில்லை. மீன் கடைக்காரர் கால் கிலோ கேட்டால் முகம் சுளிக்காமல் தருகிறார்.

வெங்காரமும் படிகாரமும் நாட்டுமருந்துக் கடையில் உண்டு. மயிலாப்பூர்க் கச்சேரி சாலைப் பக்கம் போனால் 'எதுக்கு சார்? வாய்ப்புண்ணுக்கா?' என்று கேட்டுவிட்டுத்தான் வெங்காரத்தை நிறுப்பார்கள். 'படம் கழுவ' என்றால் ஒரு நொடி யோசித்துவிட்டு, அந்தக் காலத்தில் ஸ்டூடியோக்காரர்கள் வந்து வாங்குவார்கள் என்று சொல்கிற முதியவர் இன்னமும் இருக்கிறார். காகிதத்தில் படம் அச்சிடும் கரைசலுக்கு வேண்டிய சோடியம் கார்பனேட் சலவைச் சோடாதான். காரம் முறிக்கும் குளியலுக்கு வினிகர் போதும். செறிந்த அசெட்டிக் அமிலம் கேட்டால் கடைக்காரர்கள் பெயர், முகவரி, அடையாள அட்டை எல்லாம் கேட்கிறார்கள். 2013இல் உச்ச நீதிமன்றம் அமிலச் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்ததற்குக் காரணம் எல்லாரும் அறிந்ததே. கேட்கட்டும்; கேட்கத்தான் வேண்டும்.

ஆக, மெட்டாலையும் ஹைட்ரோகுவினோனையும் தவிர மற்றவை எல்லாம் வேறு யாருக்காகவோ இந்த நகரத்துக்கு வந்து சேரும் பொருட்கள். வேறொருவர் வீட்டு விருந்தில் பந்திக்கு உட்காருவதுபோல நாங்கள் அவற்றை எடுத்துக்கொள்கிறோம். அதில்தான் சிக்கலும் இருக்கிறது. கொதிகலன்காரருக்குப் பொருந்தும் தூய்மை எங்களுக்குப் பொருந்துமா என்பதை விற்பவர் அறியார். அதைவிட முக்கியமானது நீர்க்கணக்கு. நீரற்ற சல்ஃபைட் 100 கிராமுக்குப் படிக சல்ஃபைட் 200 கிராம் ஈடு. நீரற்ற கார்பனேட் 100 கிராம் எனில், ஒரு மூலக்கூறு நீருள்ளது 117 கிராம். படிகச் சலவைச் சோடா 270 கிராம். பொட்டலத்தின்மேல் 'சோடியம் கார்பனேட்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது பாதிப் பெயர்தான். கம்பனைப் பதிப்பிக்கிறவர் எந்தச் சுவடி என்று சொல்லாமல் 'பாடம்' என்று மட்டும் அடிக்குறிப்பிட்டால் நாம் விடுவோமா?

*

இவ்வளவு பாடுபடுவானேன், வெளிநாட்டுப் பொட்டலத்தை இணையத்தில் வாங்கிவிட்டுப் போகலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பணம் இருந்தால் வாங்கலாம், நாங்களும் வாங்கியிருக்கிறோம். ஆயத்தப் பொட்டலத்தைப் பழிப்பது எங்கள் நோக்கமன்று. ஈரமும் காற்றும் புகாத படலம் ஒட்டிய உறை, கடினத்தண்ணீரின் சுண்ணாம்பு படியாமல் தடுக்கும் பொருள், எல்லாப் பொடியும் ஒரே உறையில் இருந்தும் ஒன்றையொன்று கெடுக்காதிருக்கச் செய்த பக்குவம் இவையெல்லாம் பல்லாண்டு உழைப்பின் பயன். நாம் கைப்படக் கலக்கும்போது மெட்டாலை முதலில் கரைக்கவேண்டும், சல்ஃபைட் முழுவதையும் முன்னால் கொட்டிவிட்டால் மெட்டால் கரைய மறுக்கும் என்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பொட்டலத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு விதி மட்டும் உண்டு: ஒரு லிட்டர்ப் பொட்டலத்தைப் பாதி பிரித்து அரை லிட்டர் கலக்கக் கூடாது. பயணத்தின் குலுக்கலில் கனத்த துகள் கீழும் மெல்லியது மேலுமாய்ப் பிரிந்திருக்கும். பாதிப் பொட்டலத்தில் எது எவ்வளவு வந்தது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

ஆனால் பொட்டலத்தை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் பார்க்கவேண்டும். 2004இல் இல்ஃபோர்ட் தடுமாறிற்று; அதன் ஊழியர்களே மீட்டெடுத்ததால் கறுப்பு வெள்ளைப் பிரிவு பிழைத்தது. 2005இல் அக்ஃபா ஃபோட்டோ திவாலாயிற்று. அதே ஆண்டில் கோடாக் கறுப்பு வெள்ளைத் தாள் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2012இல் அந்நிறுவனமே திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் போயிற்று. நம் ஊர்க் கதையும் வேறன்று. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்டு, பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பத்தோடு 1967இல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் ஃபிலிமும் தாளும் எக்ஸ்ரே ஃபிலிமும் தந்தது. பள்ளி அடையாள அட்டை முதல் மருத்துவமனை வரை அதன் வெள்ளி இல்லாத இடமில்லை. 1996இல் நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டது, பிறகு மீளவேயில்லை.

இந்த வரிசையில் நாங்கள் கண்ட உண்மை ஒன்று உண்டு. சூத்திரம் வெளியிடப்பட்ட கரைசல்கள் நிறுவனம் போனாலும் நின்றன. டி-76 யார் பெயரில் விற்கப்படுகிறது என்பது பலமுறை மாறியிருக்கிறது. அதன் நான்கு சரக்குகள் மாறவில்லை. சூத்திரத்தை வணிக இரகசியமாக வைத்திருந்த கரைசல்களோ, உற்பத்தி நின்ற அன்றே போயின. பின்வந்தவர்கள் ஊகித்துத்தான் ஒப்பு செய்தார்கள். மருத்துவமனைகளுக்கான 9 லிட்டர், 13.5 லிட்டர் எக்ஸ்ரே டெவலப்பர்ப் பொடியைப் பலர் மலிவு என்று வாங்கிப் பயன்படுத்தினர். எக்ஸ்ரே கணினிமயமான பிறகு அந்த வழியும் குறுகிக்கொண்டே வருகிறது. ஆகவே உதிரிச் சரக்கை வாங்கிக் கலக்கத் தெரிந்திருப்பது பழமைப் பற்றன்று. இந்தக் கலை இந்த நகரத்தில் இன்னும் பத்தாண்டு நடமாட வேண்டுமானால் அது ஒன்றே வழி என்பதே எங்கள் துணிபு. அந்த உதிரிச் சரக்கின் உறையும் சீட்டும் ஒழுங்காக இருக்கவேண்டும் என்பது அதன் மறுபாதி. முதல் பாதியை ஏற்கிற நண்பர்கள் இரண்டாம் பாதியைக் கேட்டால் 'இதெல்லாம் ஒரு விஷயமா' என்கிறார்கள். எங்கள் சண்டை அவர்களோடுதான்.

*

உறையைப் பற்றிய எங்கள் இரண்டாவது குற்றத்தையும் சொல்லிவிடுகிறோம். இதில் கடைக்காரருக்குப் பங்கே இல்லை.

கரைத்துவைத்த டெவலப்பர் காற்றுப் படாமல் இருக்கவேண்டும். கெட்டியான வெள்ளைப் பிளாஸ்டிக் கேன்கள் உறுதியாகத் தோன்றினாலும் ஆக்சிஜனை மெல்ல உள்ளே விடுபவை. மாறாக, தூக்கியெறியப்படும் குளிர்பானப் புட்டி காற்றை நன்றாகவே தடுக்கிறது. அழுத்தி மூடினால் உள்ளிருக்கும் காற்றையும் வெளியேற்றலாம். எந்தப் புட்டி மிகச் சிறந்ததோ அதுவே மிக ஆபத்தானதும்கூட. டெவலப்பர் பார்வைக்குத் தண்ணீர். வெயிற்காலமாதலால் நாங்கள் அதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் வைத்திருந்தோம். குழாய் பழுதுபார்க்க வந்தவர் தாகத்துக்குத் தண்ணீர் கேட்க, வீட்டுப் பையன் அந்தப் புட்டியை எடுத்து நீட்ட, அவர் மூடியைத் திறந்து வாயருகே கொண்டுபோய்விட்டார். 'அதைத் தொடாதேப்பா, அது படம் கழுவுற தண்ணி!' என்று கூடத்திலிருந்து கத்தியவர் நண்பரின் எண்பது வயதுத் தாயார். எங்கள் வேலையை அந்த வீட்டில் கவனித்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தாம் போலும். ஹைட்ரோகுவினோன் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்பதை அன்றிரவு படித்துவிட்டு நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மறுநாளே குளிர்பானப் புட்டிகள் எல்லாம் வெளியேறின. பழைய பேப்பர் கடையில் பழுப்புக் கண்ணாடிப் புட்டிகளைத் தேடி வாங்கினோம். பாதிக் கரைசல் தீர்ந்த புட்டியில் மேலே நிற்கும் காற்றுக்கு என்ன செய்வது? கோலிக்குண்டுகளைக் கழுவி ஒவ்வொன்றாய் உள்ளே போட்டால் கரைசல் கழுத்துவரை ஏறிவிடும். பல நாட்டு இருட்டறைக்காரர்களும் செய்வதுதான். எங்களுக்குக் கோலி கிடைப்பதுதான் இப்போது டெவலப்பரைவிடக் கடினமாக இருக்கிறது.

பொடிகளுக்கும் இதே கதி. கடை தரும் மெல்லிய பையில் சல்ஃபைட்டை ஒரு மழைக்காலம் விட்டால் கட்டிபட்டுப் போகும். அகன்ற வாய்க் கண்ணாடிக் குப்பியும், உள்ளே நீல நிறம் மாறிக் காட்டும் சிலிக்கா ஜெல் பையும், மூடியைச் சுற்றி நாடாவும் போதும்.

*

சீட்டு, புட்டி, ஹைப்போவின் அளவு என்று எல்லாவற்றிலும் இத்தனை பிடிவாதம் எதற்கு என்பதற்கு இலக்கிய வாசகர்களுக்கு நெருக்கமான ஒரு பதில் உண்டு. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994இல் சென்னையில் தொடங்கியபோது, கோட்டையூரிலிருந்து வந்த அந்தப் பெருந்தொகுப்பைக் காப்பாற்ற முதலில் கையாண்ட வழி நுண்படச்சுருள். இன்று நாம் படிக்கும் எத்தனையோ பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களும் இதழ்களும் தாள் நொறுங்கும் முன்பு வெள்ளிப் படலத்தில் ஏறிப் பிழைத்தவை. அந்தப் படலம் நூறாண்டு நிற்பதும் நிற்காததும் ஹைப்போ எவ்வளவு கழுவப்பட்டது என்பதைப் பொறுத்தது. மிச்சம் இருந்தால் அது வெள்ளியைத் தின்னும், மஞ்சளாகும், மங்கும். நம் வீட்டு ஆல்பங்களில் தாத்தா பாட்டியின் கல்யாணப் படங்கள் பழுத்துக் கிடப்பதற்குக் காலத்தை மட்டும் குறை சொல்லக்கூடாது. தீர்ந்துபோன ஹைப்போவில் இன்னும் இருபது படங்களைப் போட்டவரும், தண்ணீர்ப் பஞ்சத்தில் இரண்டு வாளியோடு கழுவலை முடித்தவரும் அதில் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணத் திட்டத்தோடு சேர்ந்து தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடித் தொகுத்திருக்கிறது. அப்படித் தப்பியவை கொஞ்சமே.

2019 கோடையில் சென்னை லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றபோது எங்களுக்கே இந்தச் சோதனை வந்தது. ஓடும் நீரில் அரைமணி நேரம் கழுவுவது பாவம் என்று தோன்றிற்று. இல்ஃபோர்ட் சொல்லித்தந்த முறை ஒன்று கைகொடுத்தது: தொட்டியை நிரப்பி ஐந்து முறை கவிழ்த்து நிமிர்த்திக் கொட்டிவிட்டு, புதுநீரில் பத்து முறை, மறுபடி புதுநீரில் இருபது முறை. மூன்று தொட்டி நீரோடு முடிந்துவிடும். ஆனால் படிகாரம் போன்ற இறுக்கும் சரக்கு கலவாத ஹைப்போவாக இருந்தால்தான் இது செல்லும். மறுபடியும், புட்டியின் சீட்டில் அது எழுதியிருக்கவேண்டும்.

தீர்ந்த ஹைப்போவை எங்கே கொட்டுவது? எங்கள் தெருவிலிருந்து சற்றே நடந்தால் அடையாற்றுக் கழிமுகத்தில் 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா; 2011இல் திறக்கப்பட்டது. குப்பைமேடாய்க் கிடந்த இடத்தில் சதுப்பும் பறவைகளும் திரும்பிவந்திருக்கின்றன. ஹைப்போவில் கரைந்திருக்கும் வெள்ளி நீர்வாழ் உயிர்களுக்கு நல்லதன்று. சாக்கடையில் விட்டால் அது எங்கே போகும் என்று அறிய வரைபடம் வேண்டாம். வண்ணப்பட ஆய்வுக்கூடங்கள் செழித்திருந்த நாட்களில் ஹைப்போவிலிருந்து வெள்ளி மீட்பது தனியான வருமானமாகவே இருந்தது. எங்கள் அளவுக்கு வருமானம் இல்லை. மூடியுள்ள வாளியில் சேர்த்து, சாதாரண இரும்புக் கம்பளியைப் போட்டு வாரக்கணக்கில் விட்டுவிடுகிறோம். இரும்பு கரைந்து வெள்ளி கறுப்புச் சேறாய் அடியில் படிகிறது. (பாத்திரம் தேய்க்கும் துருப்பிடிக்காத நார் இதற்கு உதவாது, அதையும் முயன்று பார்த்தோம்.) மூன்றாண்டுச் சேறு ஒரு ஊறுகாய் ஜாடியில் அரைப்பங்குகூட இல்லை.

*

இப்போது நாங்கள் செய்துவருவது இதுதான். சென்னையில் எங்களைப் போல் இருட்டறை வைத்திருக்கும் இன்னும் சிலரோடு சேர்ந்து, ஆண்டுக்கு இரண்டுமுறை, மழைக்காலம் தவிர்த்து, மொத்தமாக வாங்குகிறோம். வணிகர் இப்போது தொந்தரவு என்று நினைப்பதில்லை. சாக்கைப் பிரிக்கவேண்டாம் அல்லவா? வந்த அன்றே அயோடின் சோதனை. பிறகு கால் கிலோவாகப் பிரித்துக் குப்பிகளில் அடைக்கிறோம். மெட்டால் பலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும் என்பதால் கையுறையும் முகமூடியும் இல்லாமல் யாரும் எடைபோடக் கூடாது.

சீட்டை அச்சிட்டே ஒட்டுகிறோம், பேனா இல்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் முழுப்பெயர், வேதிக்குறியீடு, நீரற்றதா படிகமா, தூய்மைத் தரம், வாங்கிய மாதம், பிரித்த மாதம், பிரித்தவரின் பெயர். வாசிக்கத் தெரியாதவருக்கும் குழந்தைக்கும் புரியும்படி ஒரு மண்டையோட்டுப் படம். சல்ஃபைட் குப்பிக்கு மட்டும் 'ஃபைட்' என்பதைச் சிவப்பில் அடிக்கவேண்டும் என்று எங்கள் மெய்ப்புத் திருத்துநர் கேட்டுக்கொண்டார், அப்படியே செய்திருக்கிறோம்.

அந்தச் சீட்டின் முதல் படிவத்தைக் கம்பாசிட்டரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். இப்போது அவர் திருவல்லிக்கேணியில் மகன் வீட்டில் இருக்கிறார். படங்கள் எல்லாம் போய்விட்டன என்று அன்றுதான் சொன்னோம். அதுவரை சொல்லத் துணிவில்லை. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சீட்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, 'கீழ் வரியில லீடிங் பத்தாது சார், எழுத்து ஒண்ணோட ஒண்ணு இடிக்குது' என்றார். இரண்டாம் படிவத்தில் சரிசெய்துவிட்டோம்.